வீட்டுக்கு ரோபோ வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் 78 வயது அம்மாவும் 3 வயது மகளும் இருக்கிறார்கள். கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும், அம்மாவுக்குப் பேச்சுத்துணையாகவும் இருக்கும் ரோபோ ஒன்று வாங்க நினைக்கிறேன். "இதில் ஏஐ இருக்கிறது, ஆளைப் பார்த்தால் தானாக நின்றுவிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? இரண்டு காலில் நடப்பதா, சக்கரத்தில் ஓடுவதா, எது நல்லது?

பதில்: பார்த்தால் நிற்கும், சரி. பார்க்கத் தவறினால்? மங்கிய வெளிச்சம், கண்ணாடிக் கதவு, தரையில் தவழ்ந்து வரும் குழந்தை என்று கேமரா ஏமாற இடங்கள் நிறைய உண்டு. அப்போது உங்களைக் காப்பாற்றுவது ரோபோவின் உடம்புதான். எடை குறைவா, மெதுவாக நகர்கிறதா, மோட்டார் எவ்வளவு அழுத்தும் என்று பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

வாங்கும்முன் ஓடவிட்டு, கை நீளும் வழியில் ஒரு தலையணையைப் பிடியுங்கள். தொட்டதும் நின்று பின்வாங்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்தால் வேண்டாம். முழங்கை மூட்டில் சின்ன விரல் நுழையும் இடுக்கு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள் (அணைத்துவிட்டுத்தான்!). நிறுத்தும் பொத்தான் ரோபோவின் மேலேயே, அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். செல்போன் செயலியில் மட்டும் இருந்தால் அவசரத்துக்கு உதவாது.

இரண்டு காலில் நிற்பது ஒவ்வொரு நொடியும் மோட்டாரை இயக்கித்தான் சாயாமல் நிற்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால் விழும், குழந்தை பக்கத்தில் இருந்தாலும் விழும். அடிப்பாகம் அகலமாக உள்ள சக்கர ரோபோ நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் வீட்டுக்குச் சக்கரம்தான்.

சான்றிதழ் கேட்டால் ஐஎஸ்ஓ 13482 என்ற எண்ணைத் தேடுங்கள். தனிநபர் உதவி ரோபோக்களின் பாதுகாப்புக்கென்று 2014-ல் வந்தது அது. 15066 என்று காட்டினால், அது தொழிற்சாலையில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மூன்று வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது.

பேச்சுத்துணை விஷயத்தை அம்மாவையே சோதிக்க விடுங்கள். நாம் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஏறக்குறைய 0.2 நொடிதான் ஆகிறது. ரோபோ பேச்சை இணையத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கி வருவதற்குள் அம்மா "கேட்டுச்சா?" என்று மறுபடி ஆரம்பிப்பார், அதுவும் அதே நேரத்தில் வாய் திறக்கும். நல்ல வடிவமைப்பு என்றால் தலையைத் திருப்பியோ விளக்கை எரியவிட்டோ "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று காட்டும். கையை நீட்டும்முன் அந்தத் திசையைப் பார்க்கும். அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்தால் அம்மா பயப்படமாட்டார்.

மனித முகம் தேவையே இல்லை. மனிதரைப் போலவே, ஆனால் கொஞ்சம் குறைவாக இருக்கும் முகம் அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். முதியோருக்குத் துணையாக ஜப்பானில் உருவான பாரோ என்ற ரோபோவுக்குக் கடல்நாய்க்குட்டி உருவம் கொடுத்ததும் யோசித்துத்தான். பூனை என்றால் எல்லோருக்கும் தெரியும், நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள். கடல்நாயைப் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு.

அப்புறம் ஒன்று. ஜிபோ என்ற பேசும் ரோபோ 2017-ல் விற்பனைக்கு வந்தது. 2019-ல் அதன் சர்வர்கள் நிறுத்தப்படுவதை அதுவே வீட்டாரிடம் சொல்லி விடைபெற்றது. இணையம் இல்லாமல் எது எது வேலை செய்யும், எத்தனை ஆண்டு மென்பொருள் ஆதரவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழகிவிட்ட அம்மாவுக்கு, ஒருநாள் அது ஏன் பேசவில்லை என்று விளக்கப்போவது நீங்கள்தான்.