மெய்நிகர் உலாவில் சாதாரணப் படம்

பினாங்கு குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலின் மெய்நிகர் உலாவில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சேர்த்தால் ஏன் கோணிப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் மீது குற்றமில்லை. உலாவில் எல்லாத் திசைகளையும் காட்டும் 360 பாகைப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் 2 மடங்கு. அதைக் கோளத்தின் உட்புறத்தில் ஒட்டித்தான் காட்டுகிறார்கள். சாதாரணப் படத்தையும் அப்படி ஒட்டினால் கோபுரத்தின் அடுக்குகள் வில்லாய் வளையாமல் என்ன செய்யும்?

இத்தகைய உலாவை உருவாக்க உதவும் கே.ஆர்.பானோ (krpano), மார்சிப்பானோ (Marzipano) மென்பொருள்கள் இரண்டிலும் தட்டைப் படத்துக்குத் தனி வகை உண்டு. அதைத் தேர்ந்தால் படம் சுழலாது, நகர்த்தலாம், பெரிதாக்கலாம்.

ஆனால் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று காட்சி திரும்ப மறுத்தால் எரிச்சல்தான் வரும். ஒன்றிரண்டு படங்களே என்றால், வாசலருகே ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் கோபுரக் காட்சியின் மேலேயே பழைய படம் விரியட்டும்.