எஸ்எஸ்டிக்கு மாறும்போது உபுண்டுவையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 எல்டிஎஸ் இயங்குதளம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதிலுள்ளதை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்க நினைக்கிறேன். 2022இல் வந்த பதிப்பு இதற்குப் போதுமா? ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) நிறுத்த வேண்டும், எஃப்எஸ்டேப் கோப்பில் (கணினி இணைக்க வேண்டிய டிஸ்க் பகுதிகளின் பட்டியல்) 'டிஸ்கார்ட்' சேர்க்க வேண்டும் என்கிறார்களே, செய்யவா?

பதில்: தாராளமாகப் போதும். பதிப்பு எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ்) அன்றைக்கே உறைந்துவிட்டது என்று பொருளில்லை. 22.04 வெளியானபோது அதில் 5.15 கெர்னல் இருந்தது. டெஸ்க்டாப்பில் நிறுவியவர்களுக்குப் பின்னர் வழக்கமான அப்டேட் வழியாகவே 6.8 வரை வந்து சேர்ந்தது.

நீங்கள் கேட்ட அந்த ஆலோசனைகள் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தன. சாட்டா இணைப்பு கொண்ட எஸ்எஸ்டிகளுக்கான டிரிம் வசதி (எந்த இடம் காலி என்று டிஸ்குக்குத் தெரிவிப்பது) 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 கெர்னலில்தான் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான உபுண்டு 10.04 எல்டிஎஸ் 2.6.32உடன் வந்ததால், நூலிழையில் அதைத் தவறவிட்டது. அப்போது பயனர்தான் எல்லாவற்றையும் கையால் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 14.04இல் வாராந்திர டிரிம் தானாக ஓடத் தொடங்கியது, ஆனால் சில நிறுவனங்களின் டிஸ்க்குகளுக்கு மட்டும். உங்கள் 22.04இல் டிரிம் செய்யும் எஃப்எஸ்ட்ரிம் டைமர் வாரம் ஒருமுறை தானே ஓடுகிறது. அதனால், கோப்பை நீக்கும்போதெல்லாம் உடனே டிரிம் செய்யச் சொல்லும் 'டிஸ்கார்ட்' சேர்க்க வேண்டாம். ஸ்வாப்பும் இருக்கட்டும். சாதாரண வீட்டுப் பயன்பாட்டில் அது டிஸ்கைத் தேய்த்துவிடும் என்ற பயம் தேவையற்றது.

உண்மையில் கவனிக்க வேண்டியது நீங்கள் நகல் எடுக்கும் முறையைத்தான். எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். ஒரு கோப்பை நீங்கள் நீக்கினால் அது கோப்பு முறைமைக்குத் தெரியும், டிஸ்குக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத அந்தத் தரவையும் பத்திரப்படுத்தி, தொகுதியைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் வேறிடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். வேகமும் குறையும், ஆயுளும் குறையும். 'இந்த இடம் இப்போது காலி' என்று டிஸ்குக்குச் சொல்வதே டிரிம்.

டிடி போன்ற கட்டளையால் ஹார்ட் டிஸ்கை முழுதாக நகலெடுத்தால், காலி இடமும் சேர்த்தே எழுதப்படும். முதல் நாளிலேயே எஸ்எஸ்டி தன்னை நிரம்பி வழிவதாக நினைத்துக்கொள்ளும்! ஆகவே புதிய டிஸ்கிலிருந்து கணினி எழுந்ததும், டைமருக்குக் காத்திராமல், சுடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஏ, வி என்ற இரு விருப்பங்களோடு ஒருமுறை ஓட்டுங்கள். எத்தனை ஜிபி விடுவிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். எஸ்எஸ்டியை உள்ளே பொருத்திய பிறகே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் பல யுஎஸ்பி அடாப்டர்கள் டிரிமைக் கடத்துவதில்லை. இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றாக இணைத்து வைத்துக் கணினியை எழுப்பவும் வேண்டாம். நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே யுயுஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) இருப்பதால் குழப்பம் வரும்.

டிஸ்கை என்கிரிப்ட் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் என்கிரிப்ட் செய்த டிஸ்க்குகளின் அமைப்பைச் சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில் 'டிஸ்கார்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அனுமதி இல்லையென்றால் டிரிம் கீழே போய்ச் சேராது. அனுமதித்தால், டிஸ்கைக் கைப்பற்றும் ஒருவருக்கு எவ்வளவு இடம் காலி என்பது போன்ற சில விவரங்கள் தெரியவரும். பெரும்பாலோருக்கு அது பொருட்டல்ல என்பதே என் கருத்து. ரகசியம் தொழிலாக உள்ளவர்கள் மட்டும் யோசிக்கட்டும்.

டிரிம் ஆன பிறகு, நீக்கிய கோப்பை மீட்பது அநேகமாக முடியாது. ஹார்ட் டிஸ்கில் கைகொடுத்த மீட்பு மென்பொருள்கள் இங்கே கைவிரித்துவிடும். எனவே நகலில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று சரிபார்க்கும்வரை பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.