தாயின் எடையும் வயிற்றுக் குழந்தையின் வளர்ச்சியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒல்லியான எனக்குக் கர்ப்பகால சுகர் எப்படி வந்தது? குழந்தையைப் பாதிக்குமா?

உடல்வாகை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கை கால் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்த பெண்கள் நம்மிடையே நிறைய. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்வது தசைதான். அது குறைவாக இருந்தால் சர்க்கரை தேங்கும். உங்கள் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. வரும் சர்க்கரை கொழுப்பாகச் சேர்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140-ஐத் தொட்டாலே கவனம் தேவை. பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்கு உணவு மாற்றமும் நடைப்பயிற்சியுமே போதும்.

கேள்வி: என் குழந்தை 2.6 கிலோதான். 'நல்லா கொழுகொழுன்னு ஆக்கு' என்கிறார் மாமியார். சரியா?

அவசரம் வேண்டாம். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு என்கிறோம். புனே கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைக்கும் கொழுப்பு போதுமான அளவு இருக்கலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். சர்க்கரைத் தண்ணீர், டப்பா பால் எல்லாம் வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். எடை சீராக ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

கேள்வி: குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று ஏழாம் மாதத்திலிருந்து சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து குறைக்காதீர்கள். குழந்தை வேகமாக எடை போடும் காலமே அதுதான். அதற்காக இரண்டு பேர் சாப்பாடும் தேவையில்லை. தினமும் கூடுதலாக 350 கலோரி போதும்: இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். சோற்றைக் கூட்டுவதைவிடப் புரதத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: என் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 31, பருமன் என்கிறார்கள். எடை ஏறவே கூடாதா?

கர்ப்பகாலம் முழுவதும் சேர்த்து 5 முதல் 9 கிலோ வரை ஏறலாம். பட்டினி டயட் மட்டும் கூடாது. அப்புறம், பருமனான வயிற்றை வெளியிலிருந்து அளந்து குழந்தையின் வளர்ச்சியைச் சரியாகக் கணிப்பது கடினம். அதனால் வளர்ச்சி ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.