பார்த்துக்கிட்டேதானே வந்தீங்க?

டிரைவர் சீட்டிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் 29 வருடம் டெல்டா ரூட்டுகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கும்பகோணத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.)

புது கார் வாங்கியிருக்கிறேன். ப்ளூடூத், ஸ்டியரிங்கிலேயே பட்டன், எல்லாம் இருக்கிறது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். அப்படியும் 'ஓட்டும்போது பேசாதீங்க' என்று மனைவி சண்டை பிடிக்கிறார். நீங்கள் யார் பக்கம்?
– வாசகர், மன்னார்குடி

உங்கள் வீட்டம்மா பக்கம். ஆனால் ஒரு காலத்தில் நானும் உங்கள் கட்சிதான்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம், மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்தது. வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போய்க்கொண்டிருந்தேன். காதில் ப்ளூடூத், அந்தப் பக்கம் என் தம்பி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) எங்கள் நெல்லைப் பிடிக்காமல் நிறுத்திவிட்டார்கள். தார்ப்பாய் போதுமா, ராத்திரி பனியில் என்ன ஆகும், யாரைக் காவல் வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தேன். வேகம் நாற்பதுதான். கை ஸ்டியரிங்கில்தான். கண்ணும் நேராக ரோட்டில்தான்.

இடது பக்கத்து வயலிலிருந்து வலது பக்கத்துக்கு ஒரு வாத்துக் கூட்டம் கடந்துகொண்டிருந்தது. பத்து இருபது இல்லை, சில நூறு இருக்கும். மேய்க்கிறவர் நீளக் கழியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றிருந்தார். டயருக்கடியில் சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கில் கால் போனது. ஆறு வாத்து. அந்த மனிதர் கத்தவில்லை, வையவில்லை. "பார்த்துக்கிட்டேதானே சார் வந்தீங்க? நிறுத்துவீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். பணத்தை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு, செத்ததையெல்லாம் சணல் கயிற்றால் காலோடு கால் சேர்த்துக் கட்டினார். தம்பி இன்னும் காதுக்குள் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை. பரிசோதித்தும் பார்த்துவிட்டேன். கண் ரோட்டில் இருந்தது, நான் டிபிசி களத்தில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தேன்.

கனடாவில் டொரன்டோ நகரத்தில் செய்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. காரில் செல்போன் வைத்திருந்து விபத்தில் மாட்டிய 699 பேரின் போன் பில்லை எடுத்து, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசும்போது விபத்து அபாயம் சுமார் நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசினவர்களுக்கு ஏதாவது சலுகை இருந்ததா என்றால், ஒன்றும் தெரியவில்லை. என் வாத்துக் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது.

'பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மட்டும் பரவாயில்லையா' என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பரவாயில்லைதான், ஓரளவுக்கு. என் மனைவி பக்கத்து சீட்டில் இருந்தால் நாத்தனார் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவாள், எதிரே வைக்கோல் லாரி சாய்ந்துகொண்டு வருவது அவளுக்கும் தெரிகிறதே. "பாத்து, பாத்து" என்று வேறு சொல்வாள். போனில் இருப்பவனுக்கு லாரியும் தெரியாது, வாத்தும் தெரியாது. நீங்கள் ஒரு நொடி பேசாவிட்டால் "ஹலோ, கேக்குதா?" என்பான்.

பேசியே ஆகவேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல். ஓரங்கட்டலாம் என்றால் ஓரம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சேறு. வளைவிலும் பாலத்திலும் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பங்க், டீக்கடை, ஊர் ஆர்ச் வரும்வரை போன் அடித்துக்கொண்டிருக்கட்டும். யார் என்று எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அறுபதில் போனால் வண்டி ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் போகிறது. மூன்று நொடி எட்டிப் பார்த்தால் ஐம்பது மீட்டர். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம்.

பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறேன். கையில் பிடிக்கவில்லையே, கேஸ் போட முடியுமா?
– கல்லூரி மாணவர், திருவாரூர்

மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவி என்று வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றிய பிரிவு அது. 'கையில் இல்லை சார், கன்னத்தில் இருந்தது' என்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடிப் பாருங்கள், தம்பி.

என் கவலை வேறு. போனைச் செருக இடம் இருக்கிறது என்றால் ஹெல்மெட் லூசு. பட்டையும் மாட்டியிருக்க மாட்டீர்கள். ரோட்டில் காயப்போட்ட நெல்லில் முன்சக்கரம் வழுக்கினால் ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம்.

ராத்திரி பைபாஸில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்களோ என்று பயந்து வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாபநாசம்

எழுதியதற்கே நன்றி. போன் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். அந்த டொரன்டோ ஆய்விலேயே 100-க்கு 39 பேர் விபத்துக்குப் பின் உதவிக்குக் கூப்பிட்டதும் போனில்தான்.

உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்தி, நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு 108-ஐ அழைத்திருக்கலாம். 112 என்றாலும் சரி. அடிபட்டவர் போன் பூட்டியிருந்தாலும் திரையில் இருக்கும் அவசர அழைப்பில் 112 போகும். உதவி செய்தவரைக் காப்பாற்ற அதே 2019 திருத்தத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 'செலவை யார் கொடுப்பது' என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

நம் பக்கத்தில் கஷ்டமே இடம் சொல்வதில்தான். 'நல்லூர் பக்கம்' என்றால் எந்த நல்லூர்? குடி, மங்கலம் என்று முடிகிற ஊர் எத்தனை! முதலில் மாவட்டம், தாலுகா சொல்லுங்கள். அப்புறம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிற ரோடு, ஆற்றுக்குத் தென்கரையா வடகரையா. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கரை மாறிவிட்டால் ஆம்புலன்ஸ் அடுத்த பாலம்வரை போய்ச் சுற்றி வரும். கிலோமீட்டர் கல், மின்கம்பத்தில் எழுதிய நம்பர், மதகு, எது கண்ணில் படுகிறதோ அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் மச்சானுக்குப் போன் போட்டுக் கதை சொல்லாதீர்கள், ஆம்புலன்ஸ் டிரைவர் வழி கேட்டு உங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவார். மயக்கமாகக் கிடப்பவருக்குத் தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டாம்.

சென்னையிலிருந்து மகன் காரில் வந்தால் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பதைப்பு. மணிக்கு ஒரு தடவை போன் செய்வேன். தப்பா?
– ஓர் அம்மா, ஆடுதுறை

பதைப்பு தப்பில்லை அம்மா, போன்தான். விக்கிரவாண்டியில் டீ குடிக்கும்போது அவர் ஒரு தடவை கூப்பிடட்டும், கொள்ளிடம் தாண்டி எங்காவது நிறுத்தி இன்னொரு தடவை. அவசரமாக நீங்கள் கூப்பிட்டால், முதல் கேள்வி 'வண்டி ஓடுதா, நிக்குதா?' என்று இருக்கட்டும். ஓடுகிறது என்றால் உடனே வைத்துவிடுங்கள்.

போனில் மேப் வைத்து ஓட்டலாமா?
– வாசகர், திருவையாறு

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. கிளம்பும் முன்னாலேயே ஊரைப் போட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, குரலை மட்டும் கேளுங்கள். ஆனால் அந்தக் குரலுக்கு ரோடும் ஒன்றுதான், வாய்க்கால் கரையும் ஒன்றுதான். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு வங்கி ஊழியர் அதை நம்பிப் போய், நாற்று ஏற்றிவந்த டிராக்டர் எதிரே நிற்க, அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தார். ரிவர்ஸ் நான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.