மாலத்தீவு வாட்டர் வில்லா: இரண்டு விலைப்பட்டியலில் எது மலிவு?

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர், தமது திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, வரும் ஜூலையில் மனைவியுடன் மாலத்தீவுக்குச் சென்று, கடல்மேல் கட்டிய குடிலில் நான்கு இரவுகள் தங்க விரும்புகிறார். உள்ளூர் முகவர் இரண்டு ரிசார்ட்டுகளுக்கு விலை கொடுத்திருக்கிறார். முதலாவது, ஓர் இரவுக்கு 450 டாலர் ++, காலை உணவுடன். சீப்ளேன் (நீரில் இறங்கி ஏறும் சிறு விமானம்) கட்டணம் போக வர ஆளுக்கு 550 டாலர் தனி. இரண்டாவது, ஓர் இரவுக்கு 700 டாலர். வரிகள், காலை உணவு, இரவு உணவு, ஸ்பீட்போட் எல்லாம் உட்பட. மனைவிக்கு மூட்டுவலி உண்டு. "படங்களைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரவுக்கு 250 டாலர் கூடுதலாகக் கொடுக்கும் அளவுக்கு இரண்டாவதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

பதில்: படங்கள் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. உச்சி வெயிலில், மேகமில்லாத ஒரு நாளில், மேலிருந்து ட்ரோன் கொண்டு எடுத்தால் எந்தக் காயலும் பச்சை நீலமாகத்தான் தெரியும். எனவே படங்களை மூடிவைத்துவிட்டு, முதலில் அந்த "++" என்ற குறியைப் பாருங்கள். முதல் கூட்டல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது கூட்டல் மாலத்தீவு அரசின் சுற்றுலா சரக்கு சேவை வரி. 2023-இல் 16 விழுக்காடாக இருந்தது, 2025 ஜூலை முதல் 17. இந்த வரி அறை வாடகைக்கு மட்டுமன்றி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு விதிக்கப்படுவதால், மொத்த ஏற்றம் 27 இல்லை, 28.7 விழுக்காடு. இதற்கு மேல் பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். ஆறாக இருந்த இதை 2025 தொடக்கத்தில் ரிசார்ட்டுகளுக்கு இரட்டிப்பாக்கிவிட்டார்கள்.

உங்கள் முதல் விலையை இப்போது கணக்கிடுவோம். நான்கு இரவுக்கு 1,800 டாலர்; சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்தால் ஏறத்தாழ 2,317; இருவருக்குப் பசுமை வரி 96; சீப்ளேன் 1,100. ஆக 3,513 டாலர் ஆகிவிட்டது, இன்னும் ஒரு வேளை இரவுச் சாப்பாடுகூட இதில் வரவில்லை. இரண்டாவது ரிசார்ட்டுக்கு 2,800, அதுவும் இரவுச் சாப்பாட்டுடன். இரவுக்கு 250 டாலர் மலிவு என்று நீங்கள் நினைத்தது, உண்மையில் மொத்தத்தில் 700 டாலருக்கு மேல் கூடுதல். கடையில் ஒரு கிலோ நெத்திலிக்குக்கூட விலை சொல்லிவிட்டுப் பிறகு இரண்டு கூட்டல் குறி போட எவருக்கும் துணிவு வராது. உலகத்தின் விலையுயர்ந்த அறைகளை விற்பவர்களுக்கு மட்டும் அது வழக்கம் என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. முகவரிடம் "எல்லாம் போட்டு, நாங்கள் திரும்பி விமானம் ஏறும் வரை, இருவருக்கும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது விலையில் பசுமை வரி உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா என்பதையும் இந்தக் கேள்வியே வெளிக்கொண்டுவரும்.

அடுத்தது, போய்ச் சேரும் வழி. மாலத்தீவில் ஒரு தீவு ஒரு ரிசார்ட் என்பதே பொது ஏற்பாடு. விமான நிலையம் தலைநகர் மாலேயை ஒட்டிய ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள தீவுகளுக்கு ஸ்பீட்போட், தொலைவில் உள்ளவற்றுக்குச் சீப்ளேன். (நம் பகுதியில் விசைப்படகு என்றால் இழுவலைப் படகு நினைவுக்கு வந்துவிடும் என்பதால் ஸ்பீட்போட் என்றே எழுதுகிறேன்.) சீப்ளேன் கண்ணால் பார்த்து ஓட்டப்படுவது, பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் பன்னாட்டு விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைய சீப்ளேன் பெரும்பாலும் கிடைக்காது. மாலேயிலோ, விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு உங்கள் செலவில் தங்க வேண்டும், ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கொடுத்த பணமும் போகும். மதுரையிலிருந்து கொழும்பு வழியாகச் செல்பவர்கள் இணைப்பு விமானம் மாலே சேரும் நேரத்தைப் பார்க்காமல் அறைக்கு முன்பணம் கட்டிவிடுவதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். முதலில் விமான நேரம், பிறகுதான் அறை.

சீப்ளேனின் இந்தப் பகல் நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை முகவர்கள் ஆயுதமாகப் பயன்படுத்துவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில தொலைதூர ரிசார்ட்டுகளுக்கு அருகே உள்நாட்டு விமானத் தளம் இருக்கும். அங்கு இருட்டிய பிறகும் உள்நாட்டு விமானத்தில் சென்று, அந்தத் தளத்திலிருந்து ஸ்பீட்போட்டில் ரிசார்ட்டை அடைய முடியும். "மாலை ஆறு மணிக்கு இறங்கினாலும் கவலையில்லை சார், வேறு வழி இருக்கிறது" என்று முகவர் சொல்வது இதைத்தான். சொல்வது பொய்யன்று, முழுமையும் அன்று. அன்றைய கடைசி உள்நாட்டு விமானம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். உங்கள் பன்னாட்டு விமானம் தாமதமானால் அது காத்திருக்குமா, தவறினால் அந்த இரவின் செலவு யாருடையது என்று கேளுங்கள். போகும்போது உள்நாட்டு விமானம், திரும்பும்போது சீப்ளேன் என்று பிரித்தால் கட்டணம் எப்படி மாறும் என்று கேளுங்கள். விமானத்திலிருந்து இறங்கி, இருட்டில், ஆடும் மிதவை மேடையிலிருந்து படகுக்குள் காலெடுத்து வைக்க வேண்டியிருக்குமா என்பதையும் உங்கள் மனைவியின் மூட்டுவலியை நினைத்துக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் அந்த வழி நல்ல வழிதான். வாய்ப்பேச்சாக வந்தால் அது உங்களுக்கு இல்லாத விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது ரிசார்ட்டுக்கு ஸ்பீட்போட் என்பதால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஜூலையில் அலை இருக்கும்; படகின் முன்பகுதியில் அமர்ந்தால் தூக்கிப் போடும், பின்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கடலின் குணத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாம்பன் பாலத்தில் நின்றால் ஒருபுறம் பெண்கடல் எனும் வடகடல், மறுபுறம் ஆண்கடல் எனும் தென்கடல். ஆடிக் கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போலக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். மாலத்தீவிலும் மே முதல் அக்டோபர் வரை அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். விலை குறைவதற்கும் அதுவே காரணம். ஆகவே ஜூலையில் மேற்கு நோக்கிய வில்லாக்கள் காற்றையும் அலையையும் நேராக வாங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால் "சூரிய அஸ்தமன வில்லா" என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுபவையும் மேற்கு நோக்கியவையே. அஸ்தமனத்தைத் தனுஷ்கோடியில் காசில்லாமல் பார்க்கலாம். நீங்கள் கிழக்கு முகமாகவோ, உட்காயலைப் பார்த்தோ இருக்கும் வில்லாவைக் கேளுங்கள். விலையும் குறையும், தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீரும் குடிக்க முடியும்.

மீன் பார்க்கும் ஆசை இருந்தால் ஒரு கூடுதல் கேள்வி தேவை: வில்லாவிலிருந்து பவளப்பாறை விளிம்பு எவ்வளவு தூரம்? பெரும்பாலான வாட்டர் வில்லாக்கள் இடுப்பளவு ஆழமுள்ள மணல் தரையின் மேல் கால் ஊன்றி நிற்கின்றன. படியில் இறங்கினால் வெள்ளை மணலைத் தவிர ஒன்றும் தெரியாது. மாலேக்கு அருகே மணல் கொட்டி உருவாக்கிய தீவுகள் சிலவற்றில் சொந்தப் பாறையே கிடையாது. தவிர, 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போனது நம் மன்னார் வளைகுடாவில் நடந்ததைப்போலவே அங்கும் நடந்தது. விளம்பரத்தில் உள்ள பவளப் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று எவரும் எழுதுவதில்லை. சென்ற மாதம் விருந்தினர் எடுத்த படங்களைப் பயண மதிப்புரைகளில் தேடிப் பாருங்கள்.

மூட்டுவலியைப் பற்றி முகவரின் தாளில் ஒரு சொல்லும் இராது. மனைவியுடன் நான் தங்கிய ஒரு ரிசார்ட்டில் எங்கள் வில்லா பலகைப் பாதையின் கடைக்கோடியில் இருந்தது. காலை உணவுக்குப் போகப் பேட்டரி வண்டியைத் தொலைபேசியில் அழைத்தால் இருபது நிமிடம் ஆகும். நடந்தால் நண்பகலில் பலகை செருப்பையும் மீறிச் சுடும். வில்லாவிலிருந்து கடலுக்கு இறங்க இருந்தது படிக்கட்டு அன்று, ஏறத்தாழ நேராக நின்ற மர ஏணி. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, கடைசி இரண்டு படிகளில் பச்சைப் பாசி. என் மனைவி முதல் நாளே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, மீதி நாட்கள் எல்லாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆகவே "உணவகத்துக்கு அருகில் உள்ள வில்லா" என்று பதிவின்போதே குறிப்பிடச் சொல்லுங்கள். கடலுக்கு இறங்கும் படியின் படத்தை ரிசார்ட்டிடமே கேட்டு வாங்குங்கள். நான்கு இரவுகளில் இரண்டைக் கரையோர வில்லாவிலும் இரண்டை நீர்மேலும் கழிப்பது உங்களுக்கு ஒருவேளை இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஆனால் அதை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பிரிப்பு முகவர்களின் பழைய தந்திரமும்கூட: மேலே "நான்கு இரவு வாட்டர் வில்லா தொகுப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டு, மூன்றாம் பக்கத்தில் "2 பீச் + 2 வாட்டர்" என்று பொடியாக எழுதுவார்கள். "அல்லது அதற்கு இணையான ரிசார்ட்" என்ற தொடர் எங்கே தென்பட்டாலும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். ஜூலையில் செல்லும் உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், டிசம்பர் 24, 31 இரவுகளில் கட்டாய விருந்துக் கட்டணம் என்று ஒன்று தனியாக வரும் என்பதை உங்கள் உறவினர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ராமநாதபுரத்து முகவர் மதுரைக்காரரிடம் வாங்குகிறார், அவர் சென்னையிலோ மும்பையிலோ ஒரு மொத்த வியாபாரியிடம், அவர் மாலேயில் உள்ள ஒரு நிறுவனத்திடம். நான்கு கை மாறிய பிறகே ரிசார்ட்டுக்கு உங்கள் பெயர் போகிறது, சில வேளைகளில் போவதே இல்லை. முகவர் தரும் வவுச்சர் அவருடைய கணினியில் அச்சடித்த தாள். ரிசார்ட் தரும் உறுதிப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். பிறகு ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு நீங்களே எழுதி, அந்த எண்ணில் உங்கள் பெயர், தேதி, வில்லா வகை, உணவுத் திட்டம், போக்குவரத்து ஆகியவை பதிவாகியுள்ளனவா என்று உறுதிசெய்யுங்கள். முகவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பதில் வரும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

"ரொக்கமாகக் கொடுத்தால் டிசிஎஸ் பிடிக்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் பிடிக்க வேண்டிய அந்த வரி இழப்பு அன்று. உங்கள் பான் எண்ணில் வரவாகி, உங்கள் வரி வரவுகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுபவர்களும் உண்டு என்பதால் படிவத்தைப் பார்த்தே தீர வேண்டும். இதன் விகிதத்தையும் வரம்பையும் 2023 அக்டோபரில் ஒருமுறை, 2025 ஏப்ரலில் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும் ஒரு விதியைச் சாதாரணக் குடும்பம் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் என்று தில்லியில் எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பணம் கட்டும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா என்று யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியருக்கு மாலத்தீவில் இறங்கியதும் சுற்றுலா அனுமதி இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் "இமுகா" (IMUGA) என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்தான். தேடுபொறியில் முதலில் வரும் போலித் தளங்கள் இதற்கு டாலரில் கட்டணம் பிடுங்குகின்றன, அந்தக் கட்டணத்தை நம் முகவர்களும் கூசாமல் பட்டியலில் சேர்க்கிறார்கள். மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளம் ".எம்வி" (.mv) என்று முடியும். மதுவையும் பன்றி இறைச்சியையும் கொண்டுசெல்லக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் அந்நாட்டுச் சுங்கத்தின் தடைப்பட்டியலில் உள்ளன என்பது தெரியாது. கைப்பையில் சிறு பிள்ளையாரை வைத்துக்கொண்டு புறப்படும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த முறை அவரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இரண்டாவது ரிசார்ட்டையே எடுங்கள். முன்பணம் போக மீதியைக் கார்டில் கட்டுங்கள். அங்கே கணக்கை முடிக்கும்போது "ரூபாயில் மாற்றித் தரட்டுமா" என்று கார்டு இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று டாலரிலேயே அழுத்துங்கள். மாலே நம்மைவிட அரை மணி பின்தங்கிய நேரத்தில் ஓடுகிறது. பல ரிசார்ட்டுகளோ மாலேயைவிட ஒரு மணி முன்தள்ளித் தமக்கென ஒரு தீவு நேரம் வைத்துக்கொள்கின்றன. திரும்பும் நாளில் ஸ்பீட்போட் புறப்படும் நேரத்தைச் சொல்லும்போது, அது எந்தக் கடிகாரத்தின்படி என்று வரவேற்பறையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.