பழைய காரில் வெளி டிரிம் பட்டைகளைத் திரும்ப மாட்டும்போது தண்ணீர் இறங்காமல் எப்படி அடைப்பது?

பட்டைக்கு அடியில் தண்ணீர் போவதைத் தடுக்க முடியாது. பட்டையைப் பிடிக்கும் கிளிப்புக்காகத் தகட்டில் உள்ள துளை வழியாக உள்ளே இறங்குவதைத்தான் தடுக்க வேண்டும். ஆகவே பட்டையின் விளிம்பு முழுக்க சிலிகான் பூசுவது வீண் வேலை. புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டுக்கு அடியில் துரு பிடிக்கும். அதிலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். இரும்புத் தகட்டின் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

துளை விளிம்பில் வெறும் தகடு தெரிந்தால் எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), மேலே பெயின்ட்; இரண்டும் நன்றாகக் காய வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இறுகிப்போகாத பியூட்டைலை (ரப்பர் போன்ற ஒட்டும் அடைப்புப் பசை) 3 மி.மீ. தடிமனுக்கு உருட்டி, கிளிப்பின் தண்டைச் சுற்றி வளையமாக வைத்து அழுத்துங்கள். சுற்றிலும் லேசாகப் பிதுங்கினால் சரி. நட்டு உள்ள கிளிப்பென்றால் உள்பக்கம் வாஷருக்கு அடியிலும் கொஞ்சம். நட்டை ஓவராக முறுக்கினால் பியூட்டைல் முழுதும் வெளியேறிவிடும், தகடும் குழிந்துவிடும்.

கதவின் உள் அட்டையை மாட்டுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் எந்தத் துளை ஒழுகுகிறது என்று பிடிபடாது.