காலிப்டே அன்னா: ஒரு ஹம்மிங்பேர்டின் பெயரும் உறவும் – சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

ஈசூன்: சார், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்துச் செம்பருத்திக்கு வரும் குட்டிப் பறவையை மகன் ஹம்மிங்பேர்ட் என்கிறான். சரிதானா?

இல்லை, அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. தேன்சிட்டு காக்கையும் மைனாவும் அடங்கிய பாசரிஃபார்மஸ் வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவை) சேர்ந்தது. ஹம்மிங்பேர்டின் நெருங்கிய சொந்தம் உழவாரன். இரண்டுக்கும் மேல்கை எலும்பு குட்டை. சிறகின் பெரும்பகுதி உள்ளங்கை, விரல் எலும்புகளில்தான் நிற்கிறது. நீண்ட அலகைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது. பூவில் தேன் குடிக்கிற பிழைப்பு தந்தது அது.

தெம்பனிஸ்: கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுத் தோட்டத்தில் அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் பார்த்தேன். புத்தகத்தில் 'காலிப்டே அன்னா (லெஸ்ஸன், 1829)' என்றிருக்கிறது. அடைப்புக்குறி எதற்கு, ஐயா?

நல்ல கேள்வி, பலர் கவனிப்பதே இல்லை. 1829இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே லெஸ்ஸன் இதற்கு வைத்த பெயர் 'ஓர்னிஸ்மியா அன்னா'. 1856இல் ஜான் கூல்ட் காலிப்டே என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) உண்டாக்கினார். பறவை அங்கே போய்விட்டது, 'அன்னா' கூடவே போயிற்று. பேரினம் மாறியிருந்தால் முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. மாறாதிருந்தால் அடைப்புக்குறி வராது.

காலிப்டேயில் இப்போது இரண்டே இனங்கள்: அன்னா, கோஸ்டே. இரண்டிலும் ஆணுக்குத் தொண்டையோடு உச்சந்தலையும் மின்னும். அன்னாவில் அது ரோஜாச் சிவப்பு, கோஸ்டேயில் ஊதா. தலையைத் திருப்பினால் போதும், அந்த மினுக்கம் கறுத்துப் போகும்.

அடைப்புக்குறிக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. சிவப்புத் தேன்சிட்டு, 'ஈத்தோபைகா சிபராஜா (ராஃபிள்ஸ், 1822)'. ஆமாம், நவீன சிங்கப்பூரை நிறுவிய அதே ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ்தான்! அவர் அதைச் செர்த்தியா பேரினத்தில் வைத்திருந்தார்.

புக்கிட் பாத்தோக்: அன்னா யார்? ஆள் பெயர் என்றால் ஏன் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்?

ரிவோலி கோமகள் அன்னா மஸேனா. கணவர் பறவை மாதிரிகளைச் சேகரித்த பிரபு. இரண்டாவதாக வரும் இனப்பெயர் ஆள் பெயராகவே இருந்தாலும் சிறிய எழுத்துதான், விதி அப்படி.

உட்லண்ட்ஸ்: ஹம்மிங்பேர்டின் வரிசை ஒரு பட்டியலில் அபோடிஃபார்மஸ், இன்னொன்றில் கேப்ரிமுல்ஜிஃபார்மஸ். எது சரி?

இரண்டும் நடப்பில் இருக்கின்றன. உழவாரனும் ஹம்மிங்பேர்டும் சேர்ந்த கிளை, பக்கிகள் என்ற இரவுப் பறவைகளின் கிளைகளுக்கு நடுவிலிருந்து முளைத்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. அதனால் சிலர் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக்கினார்கள், சிலர் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். வரிசையின் எல்லையை எங்கே போடுவது என்பது கொஞ்சம் விருப்பம் சார்ந்தது. ஹம்மிங்பேர்டுகளின் குடும்பம் டிரோக்கிலிடே என்பதில் மட்டும் தகராறு இல்லை.

ஜூரோங்: ஆள் பெயர் உள்ள பறவைகளுக்கெல்லாம் பெயர் மாற்றப் போகிறார்களாமே? அன்னாவும் போய்விடுமா?

அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது ஆங்கிலப் பெயர்களைப் பற்றி. 'அன்னாஸ் ஹம்மிங்பேர்ட்' என்பது ஒருநாள் வேறாகலாம். 'காலிப்டே அன்னா'வை அந்த முடிவு தொடாது. அறிவியல் பெயருக்குச் சட்டம் வேறு. நாளைக்கே இதை வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் காலிப்டேதான் போகும், அன்னா இருக்கும்.